ஒட்டு, ஓம்புயிர்

ஒட்டு மாங்கன்று நட்ட தாம்பரத்துக்காரர்களுக்கு ‘ஒட்டு’ புதிய சொல் அல்ல. எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கும் குரோம்பேட்டை, தரமணி மருத்துவமனைகளில் அது ‘ஜிவிஎச்டி’ என்ற நான்கெழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. விரித்தால், ஒட்டு–ஓம்புயிர் எதிர்ப்பு நோய்.

ஆங்கில ‘கிராஃப்ட்’டின் வேர், எழுத்தாணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல், சீவிய ஒட்டுக்குச்சி அந்த வடிவில் இருக்கும். தமிழோ செயலையே பெயராக்கிவிட்டது.

இங்கே ஒட்டு என்பது கொடையாளரின் குருத்தணுக்கள். ஓம்புயிர், நோயாளியின் உடல். சிறுநீரக மாற்றில் உடல் ஒட்டைத் தாக்கிவிடுமோ என்றுதான் பயம். இது நேர்த் தலைகீழ்: குருத்தணுக்களோடு வரும் கொடையாளரின் நோயெதிர்ப்பு டி அணுக்கள் உடலை அந்நியமாகக் கண்டு தாக்குகின்றன. மாற்றுக்கு முந்தைய கீமோவில் ஏற்கெனவே புண்பட்ட குடல் எளிதில் அகப்படும். நீர்நீராய்ப் பேதி, வயிற்றுவலி, முற்றினால் ரத்தம். முதல் மருந்து ஸ்டீராய்டு.

ஓம்புதல் என்றால் பேணுதல். விருந்தோம்பலில் இருப்பதும் அதுவே. ‘ஹோஸ்ட்’டைவிட இச்சொல்தான் எனக்குப் பிடிக்கிறது, வந்தவர் அடித்தாலும் விரட்ட முடியாத வீட்டுக்காரர் அதில் தெரிகிறார். விரட்டும் வலு ஓம்புயிருக்கு இல்லாதிருப்பது, 1966இல் ஆய்வாளர் பில்லிங்ஹாம் இந்நோய்க்கு வகுத்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று.