ஏரிக்கரையில் விழுந்த கத்தரி

அமெரிக்க நாட்டின் உச்சநீதிமன்றம், சினிமா வெறும் வியாபாரமேயன்றிப் பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உரியதன்று என்று 1915-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தபின், அங்கே சில மாகாணங்களில் படங்களைத் தணிக்கை செய்து வந்த வழக்கம் அசைக்க முடியாத பலம் பெற்றது. நியூயார்க், பென்சில்வேனியா, கான்சாஸ் முதலிய இடங்களின் தணிக்கைச் சபைகள் தத்தம் அபிப்பிராயப்படி கத்தரித்ததால், ஒரே படம் ஊருக்கு ஊர் வெவ்வேறு ரூபத்தில் ஓடிற்று. கொடூரத்தைப் பார்த்துப் பழகிய மனம் நாளடைவில் கொடூரத்துக்குக் கூசாமற் போகும் என்ற அவர்களுடைய அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், 1931 நவம்பரில் யூனிவர்ஸல் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்கு நேர்ந்ததை நினைக்கையில், கொடூரத்தை நீக்கப் புகுந்தவர்கள் தர்மத்தையே நீக்கிவிட்டார்கள் என்று வருந்தாமல் இருக்க முடியவில்லை.

ஜேம்ஸ் வேல் இயக்கிய அப்படத்தில், பிரேதங்களின் உறுப்புகளைத் தைத்து ஒரு விஞ்ஞானி சிருஷ்டித்த பிறவியாக போரிஸ் கார்லாஃப் நடித்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி வந்த அப்பிறவியை, ஏரிக்கரையில் தனியே விளையாடிக்கொண்டிருக்கும் மரியா என்ற சிறுமி அஞ்சாமல் கைப்பிடித்து அழைத்துச் சென்று, தன் பூக்களில் பாதியைக் கொடுக்கிறாள். இருவரும் மண்டியிட்டு ஒவ்வொரு பூவாக நீரில் எறிய, அவை மிதப்பதைக் கண்டு அந்த முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு மலர்கிறது. பூக்கள் தீர்ந்ததும், அவளும் பூவைப்போல் மிதப்பாள் என்றெண்ணி அவளைத் தூக்கி நீரில் எறிந்துவிட்டு, அவள் மூழ்கியதும், நடந்தது விளங்காமல் பதறித் தடுமாறி ஓடுகிறது. (மேரி ஷெல்லியின் 1818-ஆம் ஆண்டு நாவலிலோ, ஆற்றில் விழுந்த பெண்ணை அது காப்பாற்றி, அதற்குக் கூலியாகத் துப்பாக்கிக் குண்டை ஏற்கிறது.)

தணிக்கையாளர்கள் இக்காட்சியை, பிறவி சிறுமியை நோக்கிக் கை நீட்டும் இடத்தோடு வெட்டினார்கள். அவள் மீண்டும் கண்ணில் படுவது, மகளின் உயிரற்ற உடலை ஏந்திக்கொண்டு தகப்பன் கல்யாணக் கோலாகலத்தில் திளைக்கும் ஊருக்குள் நடந்து வருகையில்தான். இடையில் என்ன நடந்தது என்பதைக் காணாத ரசிகர்கள், வாய்விட்டுச் சொல்லக் கூசும் பாதகத்தையெல்லாம் தாமே கற்பித்துக்கொண்டார்கள். அறியாமையால் நேர்ந்த மரணம், காமுகனின் கொலையாகத் தோன்றியது. விஞ்ஞானியின் வேலையாள் ஃபிரிட்ஸ், சங்கிலியில் கட்டுண்ட அப்பிறவியைத் தீப்பந்தத்தால் வதைக்கும் அண்மைக் காட்சிகளும், தன்னைக் கடவுளுக்கு நிகராக எண்ணி விஞ்ஞானி கூவும் வசனமும் பிற்பாடு கத்தரிக்கு இரையாயின. மனிதன் இழைத்த கொடுமைகள் குன்றி, அவற்றால் உருவான கொடுமை மட்டும் முழுசாக எஞ்சியது. இத்தனைக்கும், பார்ப்போரின் அனுதாபம் ஒருபோதும் குற்றத்தின் பக்கம் சாயலாகாது என்பது, 1930-இல் ஏசுசபைப் பாதிரியார் டேனியல் லார்டும் பத்திரிகையாளர் மார்ட்டின் க்விக்லியும் சினிமாவுக்கென்று வகுத்த ஒழுக்க விதிகளின் ஆதாரக் கொள்கை. அனுதாபத்துக்கு அஞ்சிய கொள்கை, நீதி பிறக்கும் ஊற்றையே அடைத்துவிட்டது என்பேன். வதைபட்டவனுக்காக மனம் இளகாதவனுக்கு எந்த நீதியை எப்படிப் போதிப்பது?

ரத்தத்தைக் காட்டுவதற்கென்றே எடுக்கப்படும் படங்களுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அவற்றில் மாள்பவருக்கு முகமே இருப்பதில்லை. தணிக்கைக்குப் பலம் தந்த தன் பழைய தீர்ப்பை 1952-இல் உச்சநீதிமன்றம் கைவிட்டுச் சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டென்று ஒப்புக்கொண்டது. ஃபிராங்கன்ஸ்டைனின் வெட்டுண்ட பகுதிகளோ 1980-களில்தான் மீண்டும் படத்தில் சேர்க்கப்பட்டன. அதுவரையில், இரண்டு தலைமுறை ரசிகர்கள், அந்தப் பிறவி மனத்தாலும் நினையாத பாதகத்துக்காக அதை வெறுத்துக்கொண்டே கொட்டகையை விட்டு எழுந்து போனார்கள்.