டானூபின் இரு முனைகள்: விடினும் சிலிஸ்த்ராவும்

பல்கேரியாவின் வட எல்லையில் டானூப் ஏறத்தாழ 470 கிலோமீட்டர் ஓடுகிறது. மேற்கே அது நாட்டுக்குள் வந்து சேரும் மாகாணம் விடின். கிழக்கே விடைபெறும் மாகாணம் சிலிஸ்த்ரா. ஆறு ஒன்றுதான், எதிர்க்கரையும் ருமேனியாதான். ஆனால் விடினின் செல்வம் கல்லில் இருக்கிறது, சிலிஸ்த்ராவின் செல்வம் நீரில். எந்த ஊர் எத்தனை பயணிகளைத் தாங்கும் என்பதையும் இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

விடினின் பாபா விடா கோட்டை ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. ரோமானியரின் பொனோனியா இருந்த இடம் அது. 14ஆம் நூற்றாண்டில் பல்கேரிய மன்னர் இவான் ஸ்ராட்சிமிர் இங்கிருந்து ஆண்டார். 1396இல் விடினை ஒட்டோமானியர் கைப்பற்றினர். தெற்கே பெலோகிராட்சிக் கோட்டையில் மதில் எழுப்பும் வேலையில் பாதியைச் செம்பாறைகளே செய்துவிட்டன. அவற்றுள் சில 200 மீட்டர் வரை உயர்ந்தவை. அருகிலுள்ள மகுரா குகையில் வௌவால் எச்சத்தைக் குழைத்துத் தீட்டிய பழங்கால ஓவியங்கள் உண்டு: கைகளை உயர்த்தி ஆடும் பெண்கள், வேட்டைக்காரர்கள், விலங்குகள், ஒரு சூரியன்.

சிலிஸ்த்ராவுக்கும் வரலாறு குறைவில்லை. ரோமானியரின் துரோஸ்தோரம் இதுதான். 1942இல் கண்டெடுத்த 4ஆம் நூற்றாண்டுக் கல்லறையின் சுவரில் கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்க, பணியாட்கள் உடைகளையும் ஒப்பனைப் பொருள்களையும் ஏந்தி வருகிறார்கள். ஆனால் கோட்டைப் பெருமையில் விடினோடு அது போட்டியிட முடியாது. அதற்குத் தேவையும் இல்லை, ஸ்ரெபர்னா இருக்கிறதே!

நகருக்கு மேற்கே உள்ள இந்த ஏரியில் நாணல் திட்டுகள் மிதக்கின்றன. அவற்றில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. தலையில் இறகு சுருண்டிருக்கும் டால்மேஷிய இனம் அது. 1948இல் ஏரி காப்பகமானது. மறு ஆண்டே அணை கட்டி டானூபிலிருந்து அதைத் துண்டித்தார்கள். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து கழுவிச் செல்வது நின்றது. வண்டல் படிந்தது, நீர் மட்டம் தாழ்ந்தது, நாணல் நெருங்கியது. 1983இல் உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. பட்டம் தண்ணீரைக் கொண்டுவரவில்லை. 1992இல் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் ஏரி சேர்ந்தது. 1994இல் கால்வாய் வெட்டி ஆற்றோடு மீண்டும் இணைத்த பிறகே உயிர் திரும்பியது. 2003இல் பட்டியலிலிருந்து நீங்கியது. இரு மாகாணங்களிலும் நான் மிகவும் மதிப்பது இந்த மீட்பைத்தான். தவறு நடந்தது, பிறகு அதைத் திருத்தினார்கள்.

போக்குவரத்தில் விடினுக்கே வாய்ப்பு அதிகம். 2013இல் எதிர்க்கரையிலுள்ள கலாஃபாத் நகருக்குப் பாலம் வந்தது. சிலிஸ்த்ராவிலிருந்து அக்கரையிலுள்ள கலராஷிக்கு இன்னும் படகுதான். ஆனாலும் விடின் அமைந்த வடமேற்குப் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றாகவே நீடிக்கிறது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். அதனால் விடினுக்குக் கூட்டம் வேண்டும், பெலோகிராட்சிக் பாறைகள் அதைத் தாங்கும். ஸ்ரெபர்னா தாங்காது, அங்கே கரையில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதே முறை. விடினிலும் ஓரிடத்துக்கு இந்தக் கட்டுப்பாடு அவசியம்: மகுராவின் ஓவியக் கூடம். எச்சத்தால் வரைந்த கோடு ஒரு கை பட்டாலே கலையும். அங்கே சிறு குழுக்களாக, வழிகாட்டியோடு மட்டும் அனுப்ப வேண்டும்.