கிடங்கும் சேமமும்

ஜொகூர் பாருவில் கணினிக் கடை வைத்திருக்கும் நண்பர், சிறு அலுவலகச் சர்வர்களுக்கு மலிவாகக் கட்டித் தரும் ‘நாஸ்’ (NAS) எனும் வலைவழிக் கோப்புப் பெட்டியைத் தமிழ் விளம்பரத்தில் ‘டேட்டா குடோன்’ என்று போட்டிருக்கிறார். குடோன் நம் வீட்டுப் பிள்ளைதான். வெளியூர் போய்ச் சட்டை மாற்றி வந்திருக்கிறது. கிடங்கு மலாயில் ‘குடாங்’ ஆகி, ஐரோப்பிய வணிகர் வாயில் ‘கோடவுன்’ ஆகித் திரும்பியது என்பர். தெலுங்குக் ‘கிட்டங்கி’யை மூலமாகச் சொல்வோரும் உண்டு. ‘கிட’ என்பதிலிருந்து வந்த கிடங்குக்குப் பழம்பொருள் பள்ளம், கோட்டை அகழி. திண்டிவனத்தை ஒட்டிய ‘கிடங்கில்’ என்ற ஊரின் பெயரிலும் அச்சொல் தெரிகிறது; அது சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடனின் ஊர். சரக்குக் கிடக்கும் இடம் என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்குத் தற்காலிகத் தடை போட்டபின் ஜொகூரின் கூலாய், செடெனாக் பக்கம் எழுந்த பெருங்கட்டடங்களைப் பார்த்தால், கிடங்கு அவற்றுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. தரவு வைக்கும் இடத்தை அகராதிக்காரர்கள் ‘சேமிப்பகம்’ என்பார்கள். சேமி, வடமொழி க்ஷேமத்தின் வழிவந்த ‘சேமம்’ தந்த சொல். சேமத்தின் பொருள் நலம், காவல். ஒற்றை வட்டு போட்ட மலிவுப் பெட்டியில் கோப்புகள் கிடக்கும், சேமமாக இரா. இரண்டு வட்டுகளில் ஒரே தரவை எழுதினால், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. தவறி அழித்ததை மீட்க வேறிடத்தில் தனிப்படி வேண்டும். ‘தரவுக் கிடங்கு’ ஏற்கெனவே பகுப்பாய்வுத் தரவுத்தளத்துக்குப் போய்விட்டது. ஆகவே நண்பரே, விளம்பரத்தில் ‘வலைக் கிடங்கு’ என்று போடுங்கள். தனிப்படியும் சேர்த்து விற்கும்போது மட்டும் ‘சேமிப்பகம்’ என்று எழுதுங்கள்.