ஒரே வீட்டில் பிறந்த சொற்கள்

அகராதி சொற்களை எழுத்து வரிசையில் அடுக்குகிறது, உறவுமுறை பார்ப்பதில்லை. ஆனாலும் ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களைச் சேர்த்து வாசித்தால் சில குடும்பக் கதைகள் வெளியே வந்துவிடுகின்றன.

ஆங்கில அகராதியில் ‘ஹஸ்’ என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். ‘ஹஸ்பண்ட்’, ‘ஹஸ்பண்ட்ரி’, ‘ஹஸி’ ஆகிய மூன்றும் அங்கே அருகருகே இருக்கின்றன. மூன்றின் தலையிலும் இருப்பது வீடுதான். பழைய நோர்ஸ் மொழியில் ‘ஹூஸ்’ என்றால் வீடு. ‘போன்டி’ என்றால் குடியிருந்து நிலத்தை ஆள்பவன். வீட்டுத் தலைவனைக் குறித்த இச்சொல் பின்னர் மணமான ஆணுக்குப் பெயரானது. அவனுடைய உழவுத் தொழில் ‘ஹஸ்பண்ட்ரி’ ஆனது. வினைச்சொல்லாக வரும்போது ‘ஹஸ்பண்ட்’ என்பதற்குச் சிக்கனமாக நிர்வகித்தல் என்ற நல்ல பொருளும் உண்டு.

அதே வீட்டுப் பெண்ணின் பெயர் ‘ஹவுஸ்வைஃப்’. அது பேச்சில் தேய்ந்து ‘ஹஸி’ ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் குடும்பத் தலைவியைக் குறித்த அந்த வடிவம், அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குள் அடங்காதவள், நடத்தை கெட்டவள் என்று வசையாக முடிந்தது. இன்னொரு தேய்ந்த வடிவம் ஊசி நூல் வைக்கும் சிறு பைக்குப் பெயரானது. ஒரே வீட்டிலிருந்து கிளம்பியும், ஆணின் சொல் நிலத்தை அடைந்தது. பெண்ணின் சொல் வசையையும் ஊசிப் பையையும் அடைந்தது.

1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்கள் நால்வரும் ஆண்கள். அவர்களில் முதன்மையானவரான ஜேம்ஸ் மர்ரேயின் மகள்கள் எல்ஸியும் ராஸ்ஃப்ரித்தும் அதில் உதவியாளர்களாக உழைத்தார்கள்.

நம் அகராதியில் ‘இல்’ வரிசைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–36) ‘இல்லாள்’ என்றால் மனைவி என்கிறது. ‘இல்லான்’ என்றால் வறியவன். முன்னதில் இருப்பது வீடு, பின்னதில் இருப்பது இன்மை. இல்லாளுக்கு நேரான ‘இல்லாளன்’ அகராதியில் உண்டு, பேச்சில் இல்லை. பேச்சில் கணவர் ‘வீட்டுக்காரர்’; வாடகை வாங்கும் உரிமையாளருக்கும் அதே பெயர்தான். மனைவியோ ‘வீட்டுக்காரி’. மரியாதை விகுதி அவளை எட்டவில்லை. வீடு அவனுக்கு உடைமை, அவளுக்கு எல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. வெள்ளாற்று அணைக்கட்டும் வீராணம் ஏரியும் பாசனம் தரும் எங்கள் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழிலுக்கு ‘விவசாயம்’ என்று எழுதும் மாணவி, தாயின் தொழிலுக்கு ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதுகிறாள். இருவரும் இறங்குவது ஒரே வயலில். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ வீட்டு வேலை மட்டும் செய்பவரை உழைக்காதோர் கணக்கில் சேர்க்கிறது. அந்த ஒரு சொல்லால் தாயின் வயல் வேலை மறைகிறது. வீட்டு வேலையோ வேலையே இல்லை என்றாகிறது. விவசாயி என்று எங்கும் பதிவாகாதவள் விவசாயிக்கு உரியதைக் கேட்டுப் பெறுவது எப்படி?

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்கும் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: அகராதியைப் பார்க்காதே. உன் அம்மா நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன வேலை செய்தார் என்று கேட்டு, அதை எழுது. கட்டம் போதாவிட்டால் ஓரத்திலும் எழுது.