கறள் பிடித்த ஒரு நிப்பிளின் கதை

இலங்கையில் பழைய கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். அதே வரலாற்றை பிரேக் நிப்பிளில் இருந்தும் சொல்லலாம்.

வீலுக்குப் பின்பக்கம், பிரேக் சிலிண்டரில் பூட்டியிருக்கிற சின்ன ஸ்குரூதான் நிப்பிள். உள்ளே துளை இருக்கும். அதைத் தளர்த்தித்தான் லைனுக்குள் போன காத்தையும் பழைய பிரேக் ஒயிலையும் வெளியில் எடுப்பார்கள். ஒயில் அமுங்காது, காத்து அமுங்கும். லைனில் காத்து நின்றால், பெடலை எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் முழுசாக வீலுக்குப் போகாது.

ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்குக்கு அமெரிக்கரான மல்கம் லொக்கீட் 1917 இல் காப்புரிமை பெற்றார். 1948 இல் வந்த மொரிஸ் மைனரின் நாலு வீலிலும் அந்த லொக்கீட் வகை பிரேக்தான். அந்தக் காலத்து மைனர்களும் ஒஸ்டின்களும் இலங்கைக்கு நிறையவே வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வர, கார் இறக்குமதியும் இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறக்கும் வரை, இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. இல்லாத சாமானை லேத்தில் கடைந்தார்கள், அல்லது உடைத்த காரில் இருந்து கழற்றினார்கள். 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் அதே மைனர்களும் ஒஸ்டின்களும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின.

இதை எங்கட ஆட்களின் சாமர்த்தியம் என்று பெருமையாகச் சொல்லுகிறோம். சரிதான். ஆனால் எஞ்சின் பிழைத்தால் கார் நிற்கும், பிரேக் பிழைத்தால் கார் நிற்காது. பழைய மைனரில் நாலு வீலுக்கும் ஒரே ஒயில் சுற்றுத்தான். ஓரிடத்தில் ஒழுகினாலும் கடைசியில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்.

சாமான் தட்டுப்பாடு இன்னொரு பழக்கத்தையும் விட்டுப்போனது: நிப்பிளில் கை வைக்காமல் விடுவது. கறள் பிடித்த நிப்பிள் உடைந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டி வரலாம். அந்தப் பயத்தில் ஒயில் வருஷக்கணக்கில் மாறாமல் கிடக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது; ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு 140 பாகைதான். நுவரெலியாவில் இருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது பிரேக் சூடேறி, ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே கீழே போகும்.

வத்தளை மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முத்துராஜவெல சதுப்பும் இருக்கிற ஊரில் கறள் சீக்கிரம் பிடிக்கும். நிப்பிளின் ரப்பர் மூடி தொலைந்துவிட்டால் துளைக்குள்ளும் உப்பும் தண்ணியும் இறங்கும். அப்படி இறுகின நிப்பிளோடு மல்லுக்கட்டக் கூடாது. வயர் பிரஷால் துடைத்து, கறள் இளக்கும் ஒயிலை அடித்து ஓர் இரவு விடவேண்டும். பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஆறு முனை சொக்கெட்டைப் போட்டு, முதலில் மயிரிழை இறுக்கி, அதன்பிறகு தளர்த்த வேண்டும். புதுசு வாங்கும்போது பழையதையும் கொண்டுபோங்கோ. பஞ்சிகாவத்தையில் பார்வைக்கு ஒரே மாதிரி நிறைய இருக்கும்; ஆனால் பிரிட்டிஷ் காரின் புரி அங்குலக் கணக்கு, ஜப்பான் காருடையது மில்லிமீற்றர். ஒழுக்கை அடைப்பது கூம்பான நுனிதான், புரி இல்லை. அதனால் டேப் சுற்றுவதும் அளவுக்கு மிஞ்சி இறுக்குவதும் வீண் வேலை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஆனாலும் வரியைக் கட்டிப் புதுசு வாங்க எத்தனை பேரால் முடியும்? இருபது வருஷ ஜப்பான் கார்கள்தான் இன்றைய மொரிஸ் மைனர்கள். வீட்டில் அப்படி ஒன்று நின்றால், அடுத்த சேர்விஸில் ஒரு கேள்வி கேளுங்கோ: "நாலு நிப்பிளும் திறக்குதா?"