ஒரு சிட்டிகை உப்பு

சிவகாசியில் ‘உப்பு’ என்றால் சமையல் உப்பு மட்டும் அல்ல. வெடியுப்பும் உப்புதான். மத்தாப்பில் பச்சை நிறம் தரும் பேரியம் நைட்ரேட்டுக்கும் ‘பச்சை உப்பு’ என்றுதான் பெயர். (2018-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது தனிக்கதை.) அந்த வட்டாரத்தில் வேலை பார்த்த எனக்குக் கோப்பில் வந்த வேறொரு உப்புதான் பிடிபடவில்லை.

1985-இல் விருதுநகர் தனி மாவட்டமானதற்குப் பிறகு நடந்தது. பட்டாசு வெடிவிபத்தில் கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மாவின் மனு. உள்குத்தகைக்கு விட்ட ஆலை. இறந்தவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. மனுவின் ஓரத்தில் மேலதிகாரி எழுதியிருந்தார்: ‘டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்.’

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ஒருவன் ‘தன் உப்புக்கல்லைப் போடுகிறான்’ என்றால், கேட்காமலே நடுவில் புகுந்து கருத்துச் சொல்கிறான் என்று பொருள். நம்பத் தயங்கும் சேதியை அவர்கள் இடுக்கியால்தான் எடுப்பார்கள். ஆக, அய்யா என் கருத்தைக் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு பக்கம் எழுதி வைத்தேன்: அந்த அம்மாவிடம் உள்ள கூலி நோட்டில் வாராவாரம் கணக்கு இருக்கிறது, உடன் வேலை பார்த்த இருவரை விசாரிக்கலாம் என்று.

“உம்மை யாருய்யா அபிப்பிராயம் கேட்டது? அப்படியே நம்பிராதேன்னுல்ல எழுதியிருக்கேன்!”

விளக்கினேன். சிரித்துவிட்டார். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

ஓய்வுக்குப் பிறகுதான் இந்த உப்பின் பூர்வீகத்தைத் தேடினேன். ரோமானியரான பிளினி, கி.பி. 77 வாக்கில் எழுதிய ‘இயற்கை வரலாறு’ நூலில் ஒரு விஷமுறிவைக் குறித்திருக்கிறார். மித்ரிடேட்டிஸ் மன்னனைத் தோற்கடித்த பாம்பேயுஸ், அவனது ஏடுகளில் கண்டெடுத்ததாம்: உலர்ந்த வால்நட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது, கூடவே ஒரு கல் உப்பு, இடித்து வெறும் வயிற்றில் தின்றால் அன்று முழுக்க விஷம் ஏறாது. அந்த உப்பே பின்னாளில் சந்தேகத்தின் உப்பாகிவிட்டது என்பது பரவலான விளக்கம். ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே அப்படி எழுதத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அது ஒரு ‘கல்’. ‘சிட்டிகை’ பிற்காலத்தில் வந்தது.

இதே பிளினிதான் மதுரையில் ஆண்ட பாண்டியனைக் குறிப்பிட்டவர். இந்தியா ஆண்டுதோறும் ரோமின் 5 கோடி செஸ்டெர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று புலம்பியவரும் அவரே. அந்தக் கணக்கில் உப்புப் போட்டுத்தான் படிக்கிறார்கள் இன்றைய வரலாற்று அறிஞர்கள் பலர்.

விசாரணைக்கு அந்த இரண்டு பேரும் வந்தார்கள். இறந்தவர் எந்த அறையில் மருந்து கலந்துகொண்டிருந்தார் என்பதைச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு நிவாரணம் வந்து சேர ஒன்றரை வருடம் ஆயிற்று.