திண்ணை அறையான கதை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை ஆகிய ஊர்களின் பழைய தெருக்களில் நடந்து பாருங்கள். தெருவை நோக்கித் திறந்து கிடந்த திண்ணைகள் பல இன்று அறைகளாகிவிட்டன. முதலில் இரும்பு அழி போட்டார்கள். பிறகு இடுப்பளவுச் சுவர் எழுந்தது. அதன்மேல் கண்ணாடிச் சன்னல் வந்தது. வீட்டின் நடுவே வானம் தெரிந்த முற்றத்துக்கும் இதே கதைதான். தகரமோ கான்கிரீட்டோ மேலே ஏறி, முற்றம் கூடமாகிவிட்டது.

இதற்கான காரணங்கள் நியாயமானவை. வீட்டுக்கு மருமகள் வருகிறாள்; படிக்கிற பிள்ளைக்குத் தனி இடம் வேண்டும்; கரிசல் காட்டுப் புழுதியும் கொசுவும் உள்ளே வரக்கூடாது. புதிதாக மனை வாங்குவதைவிட, இருக்கும் இடத்தை மூடிக்கொள்வது மலிவு. ஆனால் மூடிய சில ஆண்டுகளில் இரண்டு குறைகள் காதில் விழுகின்றன. ஒன்று, "சித்திரை, வைகாசியில் அந்த அறைக்குள் இருக்கமுடியவில்லை" என்பது. மற்றொன்று, "புது அறை பழைய வீட்டை விட்டு விலகிவிட்டது, வெடிப்புக்குள் விரலை விடலாம்" என்பது. பழி கொத்தனார்மீதோ சிமெண்டின்மீதோ விழுகிறது.

உண்மையில் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. திறந்த இடம் என்பது வெறும் இடமன்று. அது இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. காற்றின் வழியே வெப்பத்தை வெளியேற்றியது. மண்ணின் ஈரம் ஆவியாகவும் வழிவிட்டது. அதை மூடும்போது இரண்டு பாதைகளும் அடைபடுகின்றன. இந்த உண்மையை அறிவியல் உலகம் எப்படிப் படிப்படியாகக் கண்டறிந்தது என்பதைக் காண்போம்.

பழைய வீட்டின் கணக்கு

கரிசல் சீமையின் பழைய வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர். பனங்கை பரப்பி அதன்மேல் ஓலை அல்லது நாட்டு ஓடு. வசதி உள்ளவர்களுக்குச் சுண்ணாம்புக் காரைவீடு. வாசலில் திண்ணை. திண்ணைமீது கூரை நீண்டிருந்ததால் உச்சி வெயில் சுவரைத் தொடவில்லை. பக்கங்கள் திறந்திருந்ததால் சூடான காற்று தங்கவில்லை. ஊர்ப் பேச்சு மட்டுமல்ல, தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கும் வேலையும் அந்த நிழலில்தான் நடந்தது.

கனமான சுவர் மற்றொரு வேலையைச் செய்தது. பிரெஞ்சு அறிஞர் ழோசப் ஃபூரியே 1822ஆம் ஆண்டு வெளியிட்ட வெப்பக் கடத்தல் நூலில், வெளியே ஏறி இறங்கும் வெப்பம் ஒரு பொருளுக்குள் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு குறைந்து செல்லும் என்பதைக் கணக்கிட வழி சொன்னார். அந்தக் கணக்கை ஒன்றரை அடி மண்சுவருக்குப் போட்டால், நண்பகல் சூடு உட்புறம் வந்து சேரப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது. வரும்போதும் மிகச் சிறு பங்கே மிஞ்சுகிறது. நான்கு அங்குலக் கான்கிரீட் தளத்துக்கோ தாமதம் ஏறக்குறைய மூன்று மணி நேரந்தான். பிற்பகல் ஒரு மணிக்கு மேலே ஏறிய உச்ச வெப்பம் நான்கு மணிக்கு நம் தலைக்குமேல் வந்து நிற்கும், இரவிலும் இறங்கிக்கொண்டேயிருக்கும். தகரத்துக்குத் தாமதமே இல்லை.

கண்ணாடிக்குள் அடைபட்ட வெயில்

திறந்த இடத்தை மூடி ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் ஆசை பழையது. உரோமப் பேரரசர் திபேரியசுக்கு எல்லாப் பருவத்திலும் வெள்ளரிக்காய் வேண்டியிருந்தது. தோட்டக்காரர்கள் பாத்திகளின்மேல் ஒளி புகும் கல் தகடுகளை மூடிச் செடியைக் குளிரிலிருந்து காத்தார்கள்.

இதை முறையாக அளந்தவர் செனீவா நகரத்து அறிஞர் ஒராஸ் பெனடிக்ட் தெ சோசூர். 1767ஆம் ஆண்டு ஒன்றனுள் ஒன்றாக ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை வைத்து வெயிலில் காட்டினார். உள்ளே போகப் போக வெப்பம் கூடியது. பிறகு வெப்பம் கசியாதபடி பக்கங்களை அடைத்துச் செய்த பெட்டியில் வெப்பநிலை ஏறக்குறைய 110 பாகை செல்சியசை எட்டியது. அதாவது நீரின் கொதிநிலையையும் தாண்டியது. 1824இல் ஃபூரியே பூமியின் வெப்பநிலையைப் பற்றி எழுதியபோது இந்தப் பெட்டியை எடுத்துக்காட்டினார்.

குளிர் நாடுகளுக்கு இது வரமாக அமைந்தது. இங்கிலாந்தில் கண்ணாடிமீதிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டதும் கண்ணாடி மலிந்தது. வசதி படைத்தோர் வீட்டை ஒட்டிக் கண்ணாடி அறைகள் கட்டினர். 1851இல் இலண்டன் ஹைடு பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு மாளிகை ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகளால் ஆனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குளிர் நாட்டிலேயே, கோடையில் உள்ளே கூட்டம் தவித்துவிடும் என்று பாக்ஸ்டன் அஞ்சினார். கூரைமேல் வெள்ளைத் துணி விரித்தார். சுவர்களில் திறந்து மூடும் காற்றுப் பலகைகளை வைத்தார். கண்ணாடி அறையின் இலக்கணத்தை நன்கறிந்தவர் முதலில் செய்த காரியம் நிழலும் காற்றுவழியும் அமைத்ததுதான். பின்னாளில் நம் ஊருக்குக் கண்ணாடி வந்தது. அந்தத் துணியும் பலகையும் அதனுடன் வரவில்லை.

உட்டின் இரண்டு பெட்டிகள்

கண்ணாடி அறை சூடாவது ஏன்? சூரிய ஒளியைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. உள்ளிருக்கும் பொருள்கள் வெளியிடும் நெட்டலை வெப்பக் கதிர்களை வெளியே விடுவதில்லை. பாடநூல்கள் சொல்லும் விளக்கம் இது. இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இதுவன்று.

அமெரிக்க இயற்பியலார் ஆர். டபிள்யூ. உட் 1909இல் ஓர் எளிய சோதனை செய்தார். கறுப்பு அட்டையாலான இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு இந்துப்புத் தகடு மூடி. இந்துப்பு, வெப்பக் கதிர்களை வெளியே விட்டுவிடும் பொருள். கதிர்கள் சிறைப்படுவதுதான் முக்கியக் காரணம் என்றால் கண்ணாடிப் பெட்டி மிகவும் சூடாகவேண்டும். ஆனால் இரண்டும் 55 பாகை அளவுக்கு ஏறின. வேறுபாடு ஒரு பாகைகூட இல்லை. இத்தகைய அடைப்பில் வெப்பம் ஏற முதன்மைக் காரணம், சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் போவதே என்று உட் முடிவு செய்தார்.

இது நம் திண்ணைக்கு நேரே பொருந்துகிறது. கண்ணாடி வேண்டாம், மரப்பலகை வைத்து அடைக்கிறேன் என்று ஒருவர் சொன்னாலும் பயனில்லை. மூடுவதே சூட்டுக்கு முதற்காரணம். பத்தடிக்கு எட்டடி தகரக் கூரையின்மேல் கோடை நண்பகலில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய ஏழு கிலோவாட்; ஏழு மின்அடுப்புகளுக்குச் சமம். அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலும், போக வழியில்லாவிட்டால் அது தங்கித்தான் தீரும்.

சிமெண்ட் வந்தது

திண்ணையை மூடும் வழக்கம் பரவியதற்குக் கட்டுமானப் பொருள்களின் வரலாறும் துணைநின்றது. நெளித்தகரம் 1829இல் இலண்டனில் காப்புரிமை பெற்றது. சீமை ஓட்டுத் தொழிலைப் பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கியது. 1824இல் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்ட், 1904இல் சென்னையிலேயே செய்யப்பட்டது. 1949இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியபின், கரிசல் சீமைக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்காகிவிட்டது. மண்ணும் பனையும் போன இடத்தில் மெல்லிய சுவரும் கான்கிரீட் தளமும் வந்தன. சிமெண்ட் நல்ல பொருள்தான். ஆனால் அது நிற்கும் மண் எது என்பதை யாரும் கேட்கவில்லை.

கரிசலின் மூச்சு

கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழை விழுந்ததும் வெடிப்பு மூடி, நிலம் உப்பி எழும். இந்த அசைவுக்குக் காரணமான களிமண் கனிமத்துக்கு மோன்மோரில்லோனைட்டு என்று பெயர். பிரான்சு நாட்டு மோன்மோரில்லான் என்ற ஊரிலிருந்து வந்த பெயர் அது. 1933இல் ஹோஃப்மன், எண்டெல், வில்ம் ஆகிய செர்மன் அறிஞர்கள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதன் அமைப்பை ஆராய்ந்தனர். சீட்டுக்கட்டுப் போல, மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கனமுள்ள ஏடுகள் அடுக்கியிருந்தன. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் அடுக்கு விரிகிறது, வெளியேறினால் சுருங்குகிறது. மாடி வீட்டின் எடை இதை ஓரளவு அமுக்கி வைக்கும். திண்ணை அறை போன்ற இலேசான கட்டடத்தை இது தூக்கிவிடும்.

இனி, மூடிய அறையின் தரைக்குக் கீழே நடப்பதை எண்ணுங்கள். முன்பு திண்ணையின் அடிமண்ணும் முற்றத்து மண்ணும் வெயிலில் ஈரத்தை விட்டன. இப்போது சிமெண்ட் தரை மூடிக்கொண்டது. கீழிருந்து ஏறும் ஈரம் போக வழியின்றி அங்கேயே தங்க, அறையின் நடுவே மண் மெல்ல உப்புகிறது. சுவரோரத்து மண்ணோ கோடையில் காய்ந்து சுருங்குகிறது. பழைய சுவர் பல ஆண்டுகளாக ஓர் ஈரநிலைக்குப் பழகி நிற்கிறது. புதுச் சுவரின் அடிமண் இன்னும் அசைகிறது. இரண்டையும் செங்கல் கடித்துப் பிணைத்தால், பிணைத்த இடத்தில்தான் வெடிக்கும்.

தீர்வும் நம் நாட்டிலேயே உருவானது. 1947இல் ரூர்க்கியில் நிறுவப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில், தினேஷ் மோகனும் உடன் பணியாற்றியோரும், அடியில் குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளத்தை நம் கரிசலுக்கு ஏற்றபடி வளர்த்தனர். ஆழ்ந்த கரிசலில் பருவந்தோறும் ஈரம் மாறுவது ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழம் வரை. அதற்குக் கீழே அசையாத மண்ணில் குமிழ் பிடித்துக்கொள்ள, மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் வீடு நிற்கிறது. 1970களில் பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஆர். கே. கட்டி, கரிசலுக்கும் கட்டடத்துக்கும் இடையே உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு இட்டு இறுக்கும் முறையை ஆராய்ந்தார். வெறும் மணலை நிரப்பும் பழக்கத்துக்கு இது மாற்று. மணல் நீரை எளிதில் உள்ளே விட்டுவிடும்.

மூடத்தான் வேண்டுமென்றால்

அப்படியானால் திண்ணையை மூடவே கூடாதா? கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வீட்டில் தலைகள் கூடும்போது அறைகளும் கூடத்தான் வேண்டும். மூடுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: சூடான காற்று எங்கே போகும்? மண்ணின் ஈரம் எங்கே போகும்?

முதற்கேள்விக்கு விடை: கூரையை ஒட்டி ஒரு திறப்பும், எதிர்ச்சுவரில் தரையை ஒட்டி மற்றொரு திறப்பும். கொசுவலை அடித்துக்கொள்ளலாம், கண்ணாடி வைத்து அடைக்கவேண்டாம். கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடி மாத மேல்காற்று உங்கள் அறைக்குள்ளும் வந்து போகட்டும். மேற்குச் சன்னலுக்கு வெளியே நிழல் வேண்டும்; உள்ளே தொங்கும் திரை, வெப்பம் உள்ளே வந்தபின் செய்யும் காவல். தளத்தின்மேல் ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். முற்றத்தை மூடுவோர் கூரையை நான்கு சுவரினின்றும் ஓரடி உயர்த்தி வைத்தால், மழை வராது, வெப்பம் தங்காது.

இரண்டாம் கேள்விக்கு விடை: புதுச் சுவரைப் பழைய சுவரோடு பிணைக்காதீர்கள், நடுவே ஓர் இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடையுங்கள். அடித்தளத்தின் ஆழத்தை மண்ணைச் சோதித்த பொறியாளரிடம் கேளுங்கள். கூரைநீரும் அங்கணத்து நீரும் சுவரடியில் தேங்காதபடி வீட்டைச் சுற்றிச் சரிவான தளம் போடுங்கள். சுவரை ஒட்டி வேம்பு வைக்காதீர்கள். அதன் வேர் ஒருபக்க மண்ணை மட்டும் உலர்த்திவிடும்.

பிரெஞ்சு நாட்டின் ஓதெய்யோ மலையூரில் 1967இல் ஃபெலிக்ஸ் திரோம்பு, கண்ணாடிக்குப் பின்னே கனத்த சுவர் வைத்து, குளிர்காலத்தில் வெயிலாலேயே வீட்டைச் சூடாக்கிக் காட்டினார். அவர் ஊருக்கு வெயில் விருந்தாளி. நம் ஊருக்கு அது குடியிருப்பவன். விருந்தாளியை உள்ளே அமர்த்தும் வீடும், குடியிருப்பவனை வாசலிலேயே நிறுத்தும் வீடும் ஒரே மாதிரி இருக்கமுடியாது. உங்கள் தெருவில் அடுத்த திண்ணைக்குச் செங்கல் வந்து இறங்கும்போது, அந்த வீட்டாரிடம் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். முதல் வரிசைச் செங்கல் வைக்குமுன் கேட்டால் செலவு சிறிது. சுவர் வெடித்தபின் கேட்டால் செலவு பெரிது.